முள்ளங்கி வளைய வேண்டும்

இரண்டு இதழுக்கு முன் இந்தப் பகுதியின் கடைசியில், ஓசூரில் நான் கற்றுக்கொண்ட ஜப்பான் முள்ளங்கி ஊறுகாயைப் பற்றி நான்கே வரி எழுதினேன். முள்ளங்கியைக் காயவைத்து, அரிசித் தவிட்டிலும் உப்பிலும் அடுக்கி, மேலே கல் ஏற்றி வைப்பார்கள், தக்குவான் என்று பெயர். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்ததும் அது போதாது என்று தெரிந்தது. சிலர் அதை நம்பிச் செய்து முள்ளங்கியை இழந்திருக்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியும் எடுக்கவில்லை.

*

ஐந்து கிலோ முள்ளங்கி வாங்கி, வட்ட வட்டமாக நறுக்கி, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்துத் தவிட்டில் போட்டேன். பத்தாம் நாள் திறந்தால் கொழகொழவென்று இருந்தது, பக்கத்தில் நிற்க முடியாத வாடை. என் மாமியார் கொட்டச் சொல்லிவிட்டார். எங்கே தப்பு செய்தேன் அம்மா?
— வாசகி, பாலக்கோடு

மாமியார் சொன்னது சரி. கொட்டியது நல்லது. 'காயவைத்து' என்று நான் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டதுதான் தப்பு.

முள்ளங்கியில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரோடு போட்டால் உப்பு நீர்த்துப் போகும், தவிடு கூழாகும், அப்புறம் அழுகத்தான் செய்யும். உப்பு சேருவதற்கு முன்பே பாதிக்கு மேல் தண்ணீர் போயிருக்க வேண்டும். நறுக்கவும் கூடாது. முழு முள்ளங்கி, தழையோடு.

இதை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். ஓசூரில் ஒரு விருந்தினர் விடுதியில் ஒன்பது வருடம் சமையல் வேலை பார்த்தேன். கம்பெனி வேலையாக ஜப்பானிலிருந்து வரும் இன்ஜினியர்கள் அங்கே தங்குவார்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி, என்னைவிடப் பெரியவர், ஒரு மார்கழி மாதம் என்னோடு உழவர் சந்தைக்கு வந்து, தழை வாடாத முள்ளங்கியாகப் பார்த்து இருபது வாங்கினார். மண் போகக் கழுவினார், தோல் சீவவில்லை. இரண்டிரண்டாகத் தழையைச் சேர்த்துக் கட்டி, பால்கனிக் கம்பியில் தோரணம் மாதிரி தொங்கவிட்டார். ஒன்றோடு ஒன்று உரசாமல் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுவார், காலையில் வெளியே.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு, ஒரு முள்ளங்கியைக் கையில் கொடுத்து, வளைத்துப் பார் என்று சைகை காட்டுவார். ஐந்தாம் நாள் லேசாக அசைந்தது. எட்டாம் நாள் வில் மாதிரி வளைந்தது, நான் போதும் என்று நினைத்தேன், அவர் தலையை ஆட்டி மறுத்தார். பன்னிரண்டாம் நாள் நுனியும் தலையும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வளைந்தது, ஒடியவில்லை. அன்றைக்குத்தான் தவிட்டை எடுத்தார்.

அதைப் பார்த்திருந்தும் நானே தனியாகச் செய்த முதல் வருடம் கெட்டுப்போனது. ராயக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில், மாசி கடைசியில், வற்றல் போடுகிற மாதிரி சிமெண்டுத் தரையில் சுள்ளென்ற வெயிலில் பரப்பிவிட்டேன். நான்கே நாளில் தோல் செருப்புத் தோலாக இறுகியது. காய்ந்துவிட்டது என்று நம்பி அடுக்கினேன். தோல் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. மூன்று வாரம் கழித்து நறுக்கினால் நடுவில் காபிப் பொடி நிறத்தில் அழுகல். பதினாறு முள்ளங்கி போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜப்பானில் இதைக் குளிர்காலக் காற்றில் காயவைக்கிறார்கள். நமக்கும் வேண்டியது வெயில் இல்லை, காற்று. திண்ணை, தாழ்வாரம், வடக்குப் பார்த்த பால்கனி, எங்கே நிழலும் காற்றும் சேர்ந்து வருமோ அங்கே தொங்கவிடுங்கள். காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் நல்லது. ஓசூர், தளி, ராயக்கோட்டை பக்கம் 10 முதல் 14 நாள் ஆகும். பாலக்கோடு, தருமபுரி பக்கம் சூடு கொஞ்சம் அதிகம், 8 நாளிலேயே வளையலாம். நாள் கணக்கை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். நீங்கள் செய்தது ஐப்பசி மழையில். மழை விட்டு, மார்கழி பாதியிலிருந்து மாசி பாதி வரைதான் இதற்கு நேரம்.

தராசு இருந்தால் எடை போட்டும் பார்க்கலாம். 5 கிலோ வாங்கியது 2 கிலோவுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். காயும்போதே ஏதாவது ஒன்று தொட்டால் வழுக்குகிறது, கரும்புள்ளி விழுகிறது என்றால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

*

தவிடு எங்கே வாங்குவது? மாட்டுக்குப் போடுகிற தவிடு ஆகுமா? அளவும் சொல்லுங்கள்.
— வாசகர், காவேரிப்பட்டணம்

மாட்டுத் தவிடு மூட்டையில் வருவது வேண்டாம். எத்தனை நாள் பழசு, அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ரைஸ் மில்லுக்கே போய், சாப்பிடுவதற்கு என்று சொல்லி அன்றைக்கு அரைத்ததைக் கேளுங்கள். பழைய ஹல்லர் மெஷின் உள்ள மில்லில் உமியும் தவிடும் சேர்ந்தே விழும். அதை மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறுகாயில் உமி நறநறவென்று கடிபடும். உமியைத் தனியாகப் பிரிக்கும் மில் என்றால் கவலை இல்லை.

பச்சரிசித் தவிட்டில் இருக்கும் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். அதற்கு அதிலேயே இருக்கும் ஒரு நொதிதான் காரணம், சூடு பட்டால் அது அடங்கும். அதனால் வாங்கிய அன்றே இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்துவிடுங்கள். புழுங்கல் அரிசித் தவிடு நெல்லை அவிக்கும்போதே சூடு கண்டது, அது கொஞ்சம் தாங்கும். ஆனாலும் வறுப்பதுதான் எனக்குத் திருப்தி.

அளவு எல்லாம் காய்ந்த முள்ளங்கியின் எடைக்குத்தான், வாங்கிய எடைக்கு இல்லை. காய்ந்தது 2 கிலோ என்றால் தவிடு 350 கிராம், கல் உப்பு 140 கிராம், நாட்டுச் சர்க்கரை 60 கிராம், காய்ந்த மிளகாய் ஐந்தாறு கிள்ளிப் போட்டது, மஞ்சள் தூள் ஒரு சின்ன ஸ்பூன். ஜப்பானில் குளிருக்கு உப்பு இதைவிடக் குறைத்தும் போடுவார்கள். நம் ஊர் சூட்டுக்கு நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே போக எனக்கு மனம் வரவில்லை. வாசனைக்கு அங்கே காய்ந்த சீமைப் பனிச்சைப் பழத் தோலும் கடல்பாசியும் சேர்க்கிறார்கள். நான் கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் போடுகிறேன். அவர்களும் ஆரஞ்சுத் தோல் போடுவது உண்டு.

தழையை வெட்டித் தனியே வையுங்கள், எறியாதீர்கள். முள்ளங்கியைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே பதமாகும். பீங்கான் ஜாடியின் அடியில் ஒரு கை தவிட்டுக் கலவை, மேலே முள்ளங்கி சந்து இல்லாமல், மறுபடி தவிடு, இப்படியே. சந்து இருக்கும் இடத்தில் காய்ந்த தழையைத் திணியுங்கள். கடைசியில் மீதித் தவிடு, அதன் மேல் தழை மூடாக்கு, அதன் மேல் ஜாடிக்குள் இறங்குகிற மாதிரி ஒரு தட்டு, அதன் மேல் 4 கிலோ கல். அதாவது முள்ளங்கியைப் போல இரண்டு மடங்கு பாரம். நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமா? கல் உடைக்கிற இடத்தில் வழவழப்பான துண்டாகப் பார்த்து வாங்கி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். பழைய அம்மிக் குழவி இன்னும் நல்லது. மார்பிள், சுண்ணாம்புக் கல் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். அலுமினியம், பித்தளைப் பாத்திரமும் கூடாது.

ஒரு வாரத்துக்குள் தண்ணீர் ஊறித் தட்டுக்கு மேலே வரவேண்டும். வராவிட்டால் லிட்டருக்கு 50 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரை முள்ளங்கி மூழ்கும்வரை ஊற்றுங்கள். தண்ணீர் மேலே வந்த பிறகு பாரத்தை 2 கிலோவாகக் குறைக்கலாம். ஜப்பானில் ஒன்றிரண்டு மாதம், சில வீடுகளில் அதற்கு மேலும் வைக்கிறார்கள். நமக்கு மூன்றாவது வாரம் ஒன்றை எடுத்து நறுக்கிப் பாருங்கள். ருசி பிடித்த நாளில் தவிட்டோடு டப்பாவில் போட்டு பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

*

அம்மா, நான் ஓசூரில் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒற்றை அறை, பால்கனி கிடையாது, ஜாடி கிடையாது. ஆனால் ஆசை இருக்கிறது. வினிகர் ஊற்றிச் செய்தால் தக்குவான் ஆகுமா?
— வாசகர், ஓசூர்

அது தக்குவான் ஆகாது கண்ணு, ஆனால் நன்றாக இருக்கும். கொரியாக்காரர்கள் கிம்பாப் என்ற சோற்றுச் சுருளில் வைக்கிற மஞ்சள் முள்ளங்கியும் இந்த வழிதான். தவிட்டில் ஊறியதற்கு ஒரு ஆழமான புளிப்பும் கடிக்கும்போது நறுக்கென்ற சத்தமும் உண்டு. இதில் இனிப்பும் புளிப்பும் மேலோட்டமாக நிற்கும்.

அரை கிலோ முள்ளங்கியைத் தோல் சீவி, அரை வட்டத் துண்டுகளாக நறுக்கி, 15 கிராம் உப்புப் பிசிறி இரண்டு மணி நேரம் வை. விட்ட தண்ணீரைக் கொட்டி, துணியில் போட்டு நன்றாகப் பிழி. வெள்ளை வினிகர் 100 மில்லி, தண்ணீர் 50 மில்லி, சர்க்கரை 80 கிராம், மஞ்சள் தூள் கால் ஸ்பூன், இதைச் சர்க்கரை கரையும்வரை சூடாக்கி ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் முள்ளங்கி மேல் ஊற்று. பிரிட்ஜில் வை. இரண்டாம் நாள் சாப்பிடலாம், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடு. பிரிட்ஜ் இல்லை என்றால் இதைச் செய்யாதே.

*

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தக்குவான் என்றால் என்ன அர்த்தம்? மஞ்சள் போடாமலே அது மஞ்சளாகும் என்கிறார்களே, உண்மையா?
— ஆசிரியை, தருமபுரி

அது ஒரு துறவியின் பெயர். தக்குவான் சோஹோ, ஜென் என்ற பௌத்த மரபைச் சேர்ந்தவர், 1573-ல் பிறந்து 1645-ல் மறைந்தார். டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் உள்ள தோக்கைஜி கோயில் அவருக்காக 1639-ல் கட்டப்பட்டது. அப்போது நாட்டை ஆண்ட ஷோகன் இயெமித்சு அங்கே வந்தபோது துறவி இந்த முள்ளங்கியைப் பரிமாறினார், பேர் இல்லாத பண்டத்துக்கு ஷோகனே அவர் பேரைச் சூட்டினார் என்று ஒரு கதை. துறவியின் சமாதியில் உருண்டைக் கல் ஒன்று இருக்கிறது, பார்க்க ஊறுகாய்க்கு ஏற்றும் கல் மாதிரியே, அதனால் வந்த பேர் என்று இன்னொரு கதை. ஷோகன் கதையைவிடக் கல் கதைதான் எனக்குப் பிடித்தது.

ஜென் மடங்களில் இன்றும் இதற்கு ஒரு வேலை உண்டு. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீரோ தேநீரோ ஊற்றி, ஒரு துண்டு தக்குவானால் கிண்ணத்தைத் துடைத்து, அந்தத் துண்டையும் தின்று, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார்கள். ஒரு பருக்கை வீணாகாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சாமுராய்கள் காலத்து வழக்கம் ஒன்றும் உண்டு. தட்டில் இரண்டு துண்டுதான் வைப்பார்கள். ஜப்பான் மொழியில் 'ஒரு துண்டு' என்பது ஆளை வெட்டு என்றும், 'மூன்று துண்டு' என்பது உடலை வெட்டு என்றும் காதில் விழுமாம்.

மஞ்சள் விஷயம் உண்மைதான். முள்ளங்கியின் காரத்துக்குக் காரணமான கந்தகப் பொருள் ஊற ஊற உடைந்து, மெல்ல மஞ்சள் நிறமாக மாறுகிறது. வெளிறிய, பழுப்பு கலந்த மஞ்சள். கடையில் விற்கும் பளிச்சென்ற மஞ்சளுக்கு மஞ்சள் தூளோ வேறு சாயமோ சேர்க்கிறார்கள். நானும் ஒரு ஸ்பூன் போடுகிறேன், கண்ணுக்காக.

*

யூடியூபில் ஒருவர் தவிட்டைத் தினமும் கையால் கிளற வேண்டும் என்கிறார். நீங்கள் கிளறச் சொல்லவில்லை. எனக்கு மேலே வெள்ளையாகப் படை கட்டியிருக்கிறது. வாடையும் வருகிறது. கெட்டுவிட்டதா?
— வாசகி, ஊத்தங்கரை

அவர் சொல்வது வேறு ஊறுகாய். ஈரத் தவிட்டைப் பிசைந்து வைத்து, கத்தரி, வெள்ளரி என்று ஒவ்வொரு நாளும் போட்டு எடுப்பது, நுக்காசுக்கே என்று பெயர். அதைத் தினமும் கிளறாவிட்டால் கெடும். தக்குவானைக் கிளறினால் கெடும். கல்லை ஏற்றிய பிறகு கையை உள்ளே விடாதீர்கள்.

மெல்லிய வெள்ளைப் படை நம் உப்பு நாரத்தை ஜாடியிலும் வருமே, அதேதான். தண்ணீரோடு சேர்த்து ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, ஜாடியின் உள் கழுத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, தட்டையும் கல்லையும் வெந்நீரில் கழுவி மறுபடி வையுங்கள். பச்சை, கறுப்பு, ரோஸ் நிறமோ, பஞ்சு மாதிரி முடி முளைத்த பூஞ்சையோ என்றால் மேலே மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிட நினைக்காதீர்கள். முழு ஜாடியையும் விட்டுவிடுங்கள். மனசு வலிக்கும், ஆனாலும் விட்டுவிடுங்கள்.

வாடை இதற்கு உண்டு. கந்தக வாடை, முள்ளங்கி சாம்பார் கொதிக்கும்போது வருவதைப் போலப் பத்து மடங்கு. ஜப்பானிலேயே ரயிலில் எடுத்துப் போகக் கூச்சப்படுவார்கள். அந்த வாடைக்கு அடியில் புளித்த மாவின் சுத்தமான புளிப்பு இருந்தால் ஊறுகாய் நன்றாக இருக்கிறது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி, செத்த எலி மாதிரி என்றால் இல்லை. முள்ளங்கியைத் தொட்டுப் பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டும், வழவழப்பு கூடாது.

*

களிக்குத் தொட்டுக்கொள்ளலாமா? வீட்டில் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு, அவருக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, பென்னாகரம்

களிக்குச் சேராது. களியை நாம் மெல்லுவது இல்லை, குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். இதை மென்றால்தான் ருசி. இரண்டுக்கும் வாய் வேறு. அதே ராகியைக் கூழாகக் கரைத்து மோர் ஊற்றிக் குடிக்கும்போது கடித்துப் பாருங்கள், அப்புறம் சின்ன வெங்காயத்தைத் தேட மாட்டீர்கள். பழைய சோற்றுக்கும் தயிர் சாதத்துக்கும் இதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியாது. ஜப்பான்காரர்களும் சோற்றில் தேநீர் ஊற்றி இதைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். பரிமாறும் முன் தவிட்டைக் கழுவி, மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். உப்பு தூக்கலாக இருந்தால் நறுக்கிய துண்டுகளைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுப் பிழிந்து எடுக்கலாம்.

மாமனாருக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் சொன்ன அளவில் இரண்டு துண்டு, 20 கிராம் சாப்பிட்டால் அதிலேயே ஒரு கிராம் உப்பு. அவருக்கு ஆசையாக இருந்தால், ஓசூர் தம்பிக்குச் சொன்ன வினிகர் முறையில் செய்து, உப்பை நன்றாகப் பிழிந்து ஒரு துண்டு கொடுங்கள், அதுவும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

*

எங்கள் தோட்டத்திலேயே போடலாம் என்று பார்க்கிறேன். எந்த விதை? ஊறிய தவிட்டை மாட்டுக்கு வைக்கலாமா?
— விவசாயி, அரூர்

விதைக் கடையில் 'ஜாப்பனீஸ் ஒயிட்' என்றே ஒரு ரகம் கிடைக்கும். நீளமான, உருளையான, வெள்ளைக் கிழங்கு, குளிர் காலத்துக்கு ஏற்றது. அரூர் சூட்டுக்கு 'பூசா சேத்கி' பயப்படாமல் வரும், 40, 45 நாளில் பிடுங்கலாம். எதுவானாலும் முற்றவிடாதீர்கள். உள்ளே பஞ்சாகிப்போன முள்ளங்கி காய்ந்தால் நாராகத்தான் மிஞ்சும். ஒரே கனத்தில் இருப்பதாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள், அப்போதுதான் எல்லாம் ஒரே நாளில் பதமாகும். குட்டையாக, அடி பெருத்து இருப்பவை சாம்பாருக்குப் போகட்டும்.

தவிட்டில் உப்பு அதிகம். மாட்டுக்குத் தொட்டியோடு கொட்டிவிடாதீர்கள். ஒரு கைப்பிடி, நிறைய கழுநீரில் கரைத்து, அதுவும் தினமும் வேண்டாம். செடிக்கும் ஆகாது. ஜப்பானின் கிட்டக்யூஷு பக்கத்தில் ஊறுகாய்த் தவிட்டைப் போட்டு மத்தி மீனை வேகவைக்கிறார்கள். போன வருடம் நான் அணை மீனில் அரை கரண்டித் தவிடு சேர்த்து, இஞ்சி தட்டிப் போட்டு, உப்பே போடாமல் செய்து பார்த்தேன். என் பேரன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போது விதைத்தால் தை கடைசியில் பிடுங்கலாம், காயவைக்க மாசி முதல் பாதி கிடைக்கும், அதற்கு மேல் தள்ளாதீர்கள். எங்கள் தாழ்வாரத்தில் இந்த வருடம் பதினெட்டு தொங்குகின்றன. இன்று காலை வளைத்துப் பார்த்தேன், இன்னும் நான்கு நாள் ஆகும்.